இலைக் கணக்கு

எழுந்து போகிறவர்களின் இலைகளை அவள் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மேல் மாடியில் மகளின் கல்யாணம். கீழே, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில், பட்டுப்புடவையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள்.

ஞானகுருதான் உட்கார வைத்தார். இறந்துபோன கணவரின் தம்பி.

“சாப்பாடு இலைக் கணக்கு மதினி. கொஞ்சம் அசந்தா நூறு இலை கூட்டிச் சொல்லிருவான். உங்கள மாதிரி வெவரமான ஆளு நின்னாத்தான் சரிப்படும். தாலித் தட்டு சுத்தி வரும்போது ஆள் அனுப்புறேன், மேல வந்துருங்க.”

வெவரமான ஆளு. அந்தச் சொல்லில்தான் விழுந்தாள்.

பொய்யில்லை. நுகர்வோர் நீதிமன்றத்தில் பல வருடமாகத் தட்டச்சர். முன்பணத்தை விழுங்கிய மண்டபம், ஆல்பம் தராத போட்டோக்காரர், ஊசிப்போன சாப்பாடு, எல்லாம் அவள் விரல் வழியாகப் போனவை. ஏமாந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். தெரிஞ்ச ஆளுதானேன்னு எழுதி வாங்கலைங்க.

தட்டும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். படித்த ஜனங்கள், ஒரு தாள் கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

அவள் எழுதி வாங்கினாள். ஜெனரேட்டருக்குத் தனி வாடகை கிடையாது. மேடையில் நடப்பதைக் காட்ட சாப்பாட்டுக் கூடத்தில் டிவி உண்டு. போட்டோக்காரரிடம் கடைசி வரியாக அவளே சொல்லி எழுத வைத்தது: தாலி கட்டும்போது பெண்ணும் அம்மாவும் ஒரே படத்தில்.

சாப்பாடு மட்டும் ஞானகுரு பேசியது.

தெரிந்த ஆள்தானே.

டிவியில் தாலித் தட்டு கூட்டத்துக்குள் இறங்கியது. ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். முன்வரிசை முடிந்தது. அடுத்த வரிசைக்குப் போனது.

யாரும் அழைக்க வரவில்லை.

காலையிலேயே எடுத்து வைத்த அட்சதையை வலது கையில் மூடிப் பிடித்திருந்தாள். இடது கை விரல்களில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

சமையல் மாஸ்டர் தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“என்னம்மா, மேல போகாம இங்க உக்காந்திருக்கீங்க?”

“இலை எண்ணுறேன்.”

அவர் முழித்தார்.

“இலையா? எல்லாம் மொத்தமாப் பேசினதும்மா. எத்தனை பேரு சாப்பிட்டாலும் ஒரே ரேட்டுத்தான். ஐயா சொல்லலையா?”

கேட்டுவிட்டு அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு சாம்பார் வாளியைப் பார்த்தார். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் விரல் மடக்கி எண்ணுவதை நிறுத்தினாள்.

தாலியறுத்தவள் முன்னால் வந்து நிற்காதே என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சண்டையாவது போட்டிருப்பாள். பெரிய மனுஷன், மரியாதையாக ஏமாற்றிவிட்டார். அதற்கு நாற்காலி வேறு போட்டுக் கொடுத்தார்.

டிவியில் மகள் தர்ஷினி தலையைத் தூக்கினாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள்.

அம்மாவைத் தேடுகிறாள்.

ஞானகுரு குனிந்து மகளின் காதில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று இவளுக்குத் தெரியாதா? அம்மா பந்தியைக் கவனிக்கேன்னு சொல்லிட்டாக.

மகள் மெல்லத் தலையாட்டினாள். முகம் சுருங்கிப்போயிருந்தது.

இவள் நாற்காலியை விட்டு எழுந்து ஓடினாள்.

படி முழுக்க ஆட்கள். தாலி ஏறுவதற்குள் பந்திக்கு இடம் பிடிக்க இறங்குகிறவர்கள். வழி விடுங்க, வழி விடுங்க என்று கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அருப்புக்கோட்டைச் சித்தப்பா ஒருவர் நின்று நலம் விசாரித்தார்.

பாதிப் படியில் கெட்டிமேளம் கொட்டியது.

அங்கே டிவி இல்லை. மேடையும் தெரியவில்லை. சுவரில் ஒரு ஃபிளெக்ஸ் இருந்தது. அதில் ஞானகுரு கைகூப்பி எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மேளம் ஓய்ந்திருந்தது. அவர்தான் முதலில் எதிரே வந்தார்.

“என்ன மதினி, பந்திய விட்டுட்டு வந்துட்டீங்க?”

“மொத்தமாப் பேசினதாமே.”

அவர் தோள் துண்டைச் சரிசெய்தார்.

“நல்ல காரியம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. எல்லாம் நம்ம பிள்ளை நல்லாருக்கணும்னுதான்.”

நம்ம பிள்ளை.

அதற்குள் போட்டோக்காரர் ஓடி வந்தார். நீதிமன்றத்து அம்மா என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே பயம்.

“மேடம், எங்க போயிட்டீங்க? நீங்க எழுதி வாங்கின அந்த ஒரு படம் நிக்குது. வாங்க, இப்பவே எடுத்துரலாம். மாப்ள, தாலிய சும்மா கழுத்துக்குப் பின்னால பிடிங்க, கட்டுற மாதிரி. அம்மா பக்கத்துல நில்லுங்க.”

இப்போது யாரும் தடுக்கவில்லை. ஞானகுருவே விலகி இடம் விட்டார்.

இது படத்துக்குத்தானே.

மாப்பிள்ளை, கட்டி முடித்த தாலியை மறுபடியும் பிடித்துக்கொண்டார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அட்சதை போடுங்கம்மா.”

அவள் கையை விரித்தாள். பாதி விழுந்தது. மீதி வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மகள் கேமராவைப் பார்த்தபடியே, உதடு அதிகம் அசையாமல் கேட்டாள்.

“எலை எண்ணுறதுதான் பெருசாப் போச்சாம்மா உனக்கு?”

ஞானகுரு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். புது மாப்பிள்ளையின் விரல்கள் மகளின் கழுத்தில் இருந்தன.

“சிரிங்க மேடம்,” என்றார் போட்டோக்காரர்.

அவள் சிரித்தாள்.