ஒட்டாத பூச்சு

“வினோஜாவின்ரை பூச்சிலை உங்களுக்கும் பங்கிருக்கோ, சேர்?” என்று கேட்டார், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்திருந்த சோமசேகரம்.

பேராசிரியர் ஜெயரூபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயற்கை எலும்பில் உயிர்க்கலங்கள் ஒட்டிப் படர ஒரு பூச்சுச் செய்யச் சொன்னால், ஒன்றுகூட ஒட்டாத பூச்சைச் செய்து வைத்த மாணவி அவள், அந்தக் கரவெட்டி ஊர்ப் பெட்டை. எல்லா மாணவர்களுக்கும் முன்னால் அவளை ஏசித் துரத்தியிருந்தார்.

“எனக்கோ? உந்தக் குப்பையிலையோ? வள்ளத்துக்கு அடிக்கவும் உதவாது. அவளின்ரை விசர்வேலையிலை என்னைச் சேர்க்காதேங்கோ.”

“சரி, சேர்க்கேல்லை.” சோமசேகரம் எழுந்தார். “நோயாளியளுக்குச் சிறுநீர் போக வைக்கிற குழாயிலை ஒண்டும் ஒட்டக்கூடாது. அதுக்கு உந்தப் பூச்சைத்தான் எங்கடை கொம்பனி வாங்குது. காப்புரிமையிலை உங்கடை பேரும் வரவேணுமெண்டு வினோஜாதான் என்னை அனுப்பினவ.”