முதல் பக்கம் மட்டும் காலி

"இனிமே இந்த மொழியில யாரும் சுயசரிதை எழுத வேண்டியதில்லை. எழுதியாச்சு."

சொன்னவர் எடை அளவு ஆய்வாளர். கேட்டுக்கொண்டிருந்த மனைவி, கழிப்பறை மறுபடியும் அடைத்துக்கொண்டதே, ஆள் வரச் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டாள்.

ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் நடுங்க வைத்த கை அது. அந்தக் கையின் ஒற்றை விரலால் வீட்டுக் கணினியில் தட்டித் தட்டித் தன் வாழ்க்கை முழுவதையும் ஏற்றியிருந்தார். முதல் பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அது அவருடைய உருவப் படத்துக்கு.

படிக்கத்தான் ஆளில்லை. வீட்டில் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். மனைவிக்குக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வேலை, மகளுக்குப் பரீட்சை. ஒரே ஒருவர் படித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று உள்ளுக்குள் ஏங்கினார். வெளியே மட்டும், உலகம் இன்னும் தயாராகவில்லை என்றார்.

இதற்கிடையில் ஒரு சந்தேகம். நூலைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே நெளிகோடு போட்ட பெயரில் இன்னொரு கோப்பு முளைத்தது. மூடினால் மாயமாகிவிட்டது.

"எவனோ நகல் எடுக்குறான்" என்றார் மகளிடம்.

"அது தற்காலிகக் கோப்புப்பா. வீடு கட்டும்போது சாரம் கட்டுறாங்கல்ல, அது மாதிரி. வேலை முடிஞ்சா தானா கழண்டுக்கும். உங்க கதையை யாருப்பா திருடப் போறா?"

கடைசிக் கேள்வி சுருக்கென்று தைத்தது. திருடக்கூட லாயக்கில்லாத நூலா? அன்றைக்கே அதை யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில் ஒளித்துவைத்துவிட்டு, பழையதை அழித்தார்.

அடுத்த மாதம் மாடிப்படியில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் வழிமறித்தார்.

"சார், சின்ன வயசுல வாத்து துரத்திக் கிணத்துல விழுந்தீங்களே, அந்த இடம் பிரமாதம். நான் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு பேஷன்ட் வாயைத் திறந்துக்கிட்டே காத்திருந்தார்."

ஆய்வாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. லிஃப்டில் தையற்கடை அம்மாள், அவர் தன் முதல் காதலிக்கு எழுதிய கவிதையில் பாதியை ஒப்பித்துவிட்டு மீதியை ஞாபகப்படுத்தச் சொன்னாள். வாசல் காவலாளி பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். அச்சேறாமலே தன் புகழ் பரவுகிறது, நல்ல எழுத்தைப் பூட்டிவைக்க முடியாது என்று அறிவித்தார். வாத்து, கவிதை, பெஞ்சு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"எந்தக் கவிதை?" என்றாள் மனைவி.

மகளுக்கு வேறு கவலை. "எங்கப்பா ஒளிச்சு வெச்சீங்க?"

ஆய்வாளர் ரகசியக் குரலில் பெருமையாகச் சொன்னார். "எழுதுற மென்பொருளுக்குள்ளயே நார்மல்னு ஒரு கோப்பு இருந்துச்சு. அவ்வளவு சாதாரணப் பேரை எந்தத் திருடன் தொடுவான்? அதுக்குள்ள கொண்டுபோய் ஒட்டிட்டேன்."

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அதுதான்பா டெம்ப்ளேட். வார்ப்பு அச்சு மாதிரி. இனி இந்தக் கணினியில புதுசா எதைத் திறந்தாலும் உங்க கதையோடதான் திறக்கும். அம்மா, சங்கத்து அறிவிப்பை இதுலதானே அடிச்சே?"

"ஆமா. காலிப் பக்கம் வந்துச்சு, அடிச்சு வாட்ஸ்ஆப்ல எல்லா வீட்டுக்கும் அனுப்பிட்டேன். கீழே இன்னும் பக்கம் இருக்கான்னு யாரு பாத்தா?"

அற்ப விஷயங்களைப் பேசுகிறார்கள் என்று ஆய்வாளர் எப்போதோ வெளியேறியிருந்த சங்கத்து வாட்ஸ்ஆப் குழு அது. மகள் அம்மாவின் கைப்பேசியில் கோப்பைத் திறந்து நீட்டினாள். வாத்தும் கிணறும் காதலியும் ஒரு வரி விடாமல் அதில் இருந்தார்கள்.

அவர் தன் உருவப் படத்துக்கு ஒதுக்கியிருந்த முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "மூன்றாம் மாடி ஆய்வாளர் வீட்டிலிருந்து வரும் நாற்றத்துக்கு வருந்துகிறோம்."