யோசேப்பு பாடாத வரி

"எல்லாம் பாடறேன் சார். அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்றபடி மெக்கானிக் சொன்னார். இந்தப் பக்கம் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் போட்டார் வாத்தியார்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சர்ச்சில் கிடார். இயேசு பிறந்த கதையை ஆரம்பம் முதல் கடைசி வரை ராக் பாட்டுகளாலேயே சொல்லும் ஓர் ஆல்பம் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மரியாள் கிடைத்தாள், தேவதூதன் கிடைத்தான், ஏரோது ராஜாகூடக் கிடைத்துவிட்டார். மரியாளைக் கட்டிக்கொள்ளப்போகும் யோசேப்புக்குத்தான் குரல் அகப்படவில்லை. சர்ச்சில் பின்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்த இந்த லாரி மெக்கானிக் கடைசியில் மாட்டினார். வாயைத் திறந்தால் ஜன்னல் அதிரும். மகளையும் கையோடு கூட்டி வந்தார். கீபோர்டு அவள்தான்.

இதுவரை அவரை ஒரு குறை சொல்ல முடியாது. எத்தனை தடவை திரும்பப் பாடச் சொன்னாலும் முகம் சுளிக்காத மனுஷன். இந்த வரி வந்தால் மட்டும் ஒத்திகையில் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டுத் தாண்டிவிடுவார். கேட்டால், "ரெக்கார்டிங்ல பாத்துக்கலாம் சார்" என்பார்.

இன்றுதான் அந்த ரெக்கார்டிங்.

"அண்ணே, அந்த வரிக்காகத்தானே இந்தப் பாட்டே! மரியாள் கர்ப்பமா இருக்கான்னு யோசேப்புக்குத் தெரிய வருது. டிரம்ஸ் நிக்குது, கிடார் நிக்குது, எல்லாம் கப்சிப். அப்ப நீங்க அடிவயித்துலேர்ந்து கத்தறீங்க, 'இது என் பிள்ளை இல்லை!'ன்னு. கேக்கறவனுக்குப் புல்லரிக்க வேண்டாமா?"

"புல்லரிக்கும் சார்."

"அப்புறம் என்ன?"

"வேற ஏதாவது எழுதிக் குடுங்க. பாடிடறேன்."

"சுருதி எட்டலையா? வேணா குறைச்சுக்கலாம்."

"அதெல்லாம் எட்டும்."

"யோசேப்பை மட்டமா காட்டறேன்னு தோணுதா? அவளைத் தள்ளிவிடலாம்னு முதல்ல அவர் நினைச்சார்னு வேதத்துலயே இருக்கே அண்ணே."

"இருக்கு சார். ஆனா அப்புறம் ஏத்துக்கிட்டாரே."

வாத்தியாருக்குத் தலை சுற்றியது. சுருதியில் கோளாறு இல்லை, வேதத்தில் தகராறு இல்லை, கோபமும் இல்லை. பிறகு எதற்கு இந்தப் பிடிவாதம்? முகத்தைப் பார்த்தால் தப்பு செய்துவிட்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. வாயைத் திறந்தால் மசிய மாட்டேன் என்கிறார்.

"சரி, எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

டிரம்மர் அவர் காதோரம் வந்தார். "ஆளுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு சார். நாலு பேர் குரல் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல?"

"அப்படியா சொல்றே?"

"பின்னே? ஆம்பளை வீம்பு சார். 'இது என் பிள்ளை இல்லை'ன்னு பாடினா நாளைக்கு ஒர்க்‌ஷாப்ல கிண்டல் பண்ணுவாங்கன்னு பயம். என் மச்சான் ஒருத்தன் இருக்கான், நல்லாவே பாடுவான். கூப்பிடட்டுமா?"

டிரம்மர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்த அவருடைய டிரம்ஸ் பெடலுக்குக் குனிந்து உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் மெக்கானிக்.

வாத்தியாருக்கு அதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் உழைப்பு, ஒரு வரிக்காக நொண்டியாக நிற்பதா?

"சரி, உன் மச்சானைக் கூப்பிடு" என்றார்.

டிரம்மர் போனோடு வெளியே போனார். அவர் போன வழியாகவே மெக்கானிக்கின் மகள் உள்ளே வந்தாள்.

"சார், ஒரு நிமிஷம். அந்த இடத்துல குரலே வேண்டாம் சார். அந்த மெட்டை நான் கீபோர்டுல வாசிச்சுடறேன். நல்லாவே இருக்கும்."

"உங்கப்பா சொல்லி அனுப்பினாரா?"

"இல்ல சார். நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

வாத்தியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்பாவும் பொண்ணுமா சேர்ந்து என்னைப் பைத்தியம் ஆக்கப் போறீங்களா? ஒரு வரி பாட என்னம்மா அவ்வளவு கௌரவம் உங்கப்பாவுக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவை மெல்லச் சாத்தினாள்.

"கௌரவம் இல்ல சார். நான் அவருக்குப் பொறந்தவ இல்ல."

வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா வயித்துல நான் இருக்கேன்னு தெரிஞ்சும்தான் அவர் அம்மாவைக் கட்டிக்கிட்டார். அம்மா ஆஸ்பத்திரியில கடைசியா கிடந்தப்ப என்கிட்ட மட்டும் சொன்னாங்க. அப்பா இன்னைக்கு வரைக்கும் ஒரு பேச்சுக்குக்கூட என்னை வேத்தாளா பாத்ததில்ல சார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் பெடலை மிதித்துப் பார்த்தார். சத்தம் இல்லை. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

வாத்தியார் பாட்டுத் தாளை இழுத்து அந்த வரியை அழுத்தி அடித்தார். 'கீபோர்டு மட்டும்' என்று ஓரத்தில் எழுதினார். இருந்தாலும் கணக்கு வாத்தியார் அல்லவா, ஓர் இடம் அவருக்கு இன்னும் இடித்தது.

"அதான் உனக்கே எல்லாம் தெரியுமேம்மா. அப்புறம் உன் முன்னால பாடறதுக்கு அவருக்கு என்ன தயக்கம்?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்கிறது அப்பாவுக்குத் தெரியாதே சார்!"