வராத நாட்கள்

“உட்கார வேண்டாம். நின்னே பேசச் சொல்லுங்க.”

துறைத் தலைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கிழவருக்காக நாற்காலியை இழுத்த சின்ன வாத்தியார் அதை அப்படியே விட்டுவிட்டார்.

கிழவர் பழைய ராணுவக்காரர். பென்ஷன் வாங்கும் வயதில் வரலாறு பி.ஏ. படிக்க வந்தவரை வகுப்பே ‘பட்டாளம்’ என்றுதான் கூப்பிடும். தலைவி பாடம் எடுக்க நுழைந்தால் முதல் பெஞ்சில் விறைப்பாக எழுந்து நிற்பார். பையன்கள் சிரிப்பார்கள், அவள் அந்த பெஞ்சின் பக்கமே திரும்ப மாட்டாள்.

இப்போது அவருக்கு அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது. அவள் கையெழுத்துப் போட்டால்தான் கடைசி வருஷப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். இல்லாவிட்டால் படிப்பு அந்தரத்தில் தொங்கும்.

“அவர் ஊர் சுத்தப் போகலை மேடம்,” என்றார் சின்ன வாத்தியார். “கூடப் பட்டாளத்துல இருந்தவர் இறந்துட்டார். பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனார்.”

“அதுக்கு ‘ஆன் டூட்டி’ன்னு எழுதிக் கொடுத்திருக்காரே, அது எந்த ஊர் நியாயம்? லீவுன்னு எழுதக் கை வலிக்குதாமா?”

“பட்டாளத்துல அதை லீவுன்னு சொல்ல மாட்டோம் மேடம்,” என்றார் கிழவர். “கூட நின்னவனைத் தூக்கறது டூட்டி.”

“இது பட்டாளம் இல்ல, காலேஜ்னு சொல்லுங்க அவர்கிட்ட.”

எதிரே நிற்பவரிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் சின்ன வாத்தியார் வழியாகத்தான்.

பியூன் டீ கொண்டுவந்தார். பாவம், நிற்கிறாரே என்று கிழவரிடம் முதலில் நீட்டினார்.

“சர்க்கரை போட்டதா?” என்றாள் தலைவி.

“ஆமா மேடம்.”

“எடுத்துட்டுப் போங்க.”

ஒரு வாய் டீக்குக்கூடவா இந்த மனுஷனுக்குக் கொடுப்பினை இல்லை? சின்ன வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

“ஃபுட்பால் ஆடப் போற பசங்களுக்கே ஆன் டூட்டி போடறோம். நாட்டுக்காக ஆயுசையே கொடுத்தவருக்கு...”

“நாடு, நாடு! அதான் நெஞ்சு நிறைய மெடல் குத்தி விட்டாங்களே, அந்த மெடலைப் பரீட்சை எழுதச் சொல்லுங்க. ஊர்ல வேற காலேஜே கிடைக்கலையா இவருக்கு? என் டிபார்ட்மென்ட்லதான் வந்து உட்காரணுமா?”

“இது அநியாயம் மேடம். நான் பிரின்சிபால்கிட்டயே போறேன்!”

“வேண்டாம் தம்பி.” கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “மேடம் சொல்றதுல தப்பே இல்ல. வராத நாள் வராத நாள்தான். அடுத்த வருஷம் எழுதிக்கறேன்.”

நெற்றிவரை போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பினார்.

“நில்லுங்க!”

தலைவி எழுந்துவிட்டாள். அவர் காலேஜில் சேர்ந்த பிறகு அன்றுதான் முதல் தடவையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“சிநேகிதனைத் தூக்க ஓடத் தெரிஞ்சுதே... அம்மாவைத் தூக்கினப்ப ஏன் வரல அப்பா?”