நான்காவது தலை

சின்ன ரம்பத்தைக் கையில் எடுத்த டாக்டரம்மா, வெட்டாமல் அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டார்.

தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவர் எந்தக் கட்சிக்கும் தலைவர் இல்லை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஸ்கேன் படத்தை வைத்துக் குழந்தைகளின் மண்டையோட்டை அப்படியே பிளாஸ்டிக்கில் அச்செடுத்துக் கொடுக்கிறவர். தலை செய்கிறவர் தலைவர்தானே என்று யாரோ ஆரம்பித்துவைத்தது, ஒட்டிக்கொண்டது.

ஆறு வருஷமாக டாக்டரம்மா அவருடைய மேஜையில்தான் ஒத்திகை பார்ப்பார். எங்கே வெட்டுவது, எப்படி வளைப்பது, எங்கே திருகுவது என்று பிளாஸ்டிக்கில் பழகிக்கொண்டால், நிஜத்தில் குழந்தை மயக்கத்தில் கிடக்கிற நேரம் குறையும். பென்சிலால் ஒரு கோடு, சர்ரென்று ஒரு வெட்டு, வேலை முடிந்தது. ஒரு குழந்தைக்கு ஒரே பிரதி. இரண்டாவது கேட்டதே கிடையாது.

இந்த முறை நான்கு கேட்டிருந்தார்.

பத்து மாதப் பெண் குழந்தை. தலைவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நெற்றி எலும்புகளின் நடுவே திறந்திருக்க வேண்டிய இடைவெளி முன்கூட்டியே மூடிக்கொண்டு, நெற்றி படகு முனைபோலக் கூர்ந்திருந்தது. பிரித்துவிடாவிட்டால் வளர்கிற மூளைக்கு இடம் பற்றாது. டாக்டரம்மா இதுபோல எத்தனையோ பார்த்தவர்.

ஆனால் முதல் பிரதியை வெட்டிச் சேர்த்துவிட்டு, புருவம் சரியாக அமையவில்லை என்றார். இரண்டாவதில் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். மூன்றாவதில்தான் ரம்பத்தைக் கீழே வைத்தது.

"நீங்க வெட்டுங்க. நான் பாக்குறேன்" என்றார், கூட வந்திருந்த மீசை டாக்டரிடம்.

மீசை டாக்டரும் சளைத்தவர் இல்லை. இருவரும் சேர்ந்தே பல வருஷமாகக் கத்தி பிடிக்கிறவர்கள். அவர் வெட்ட, டாக்டரம்மா மண்டையோட்டைப் பின்னாலிருந்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார், கழுத்து நிற்காத பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல. ரம்பம் இறங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தலைவர் ரம்பத்தைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் கையைத்தான் பார்த்தார். கை நடுக்கம் வந்துவிட்டதோ? ஐம்பதை நெருங்குகிற வயசு. எத்தனை பிள்ளைகளை நிமிர வைத்த கை!

கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நான்காவது பிரதி, ஆபரேஷனின்போது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள. அதன் ஓரங்களைத் தலைவர் அன்று சாயங்காலம் வரை இழைத்து இழைத்துத் தேய்த்தார். தன்னால் முடிந்தது அதுதான்.

மறுநாள் காலை அதைக் கொடுத்தனுப்பிவிட்டார். இருப்புக் கொள்ளவில்லை. மதியம் மாடியேறிப் போனார்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை. மடியில் ஒரு துணிப்பை.

அப்படியென்றால் உள்ளே வெட்டுவது மீசைதான். தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கைக்கு இன்னொரு கை ஈடாகுமா மேடம் என்று என்னவோ உளறினார். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கையில் நடுக்கம் துளியும் இல்லை. ஜில்லென்று மட்டும் இருந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, பாப்பா கண் முழித்துவிட்டாள், ஒரே அழுகை, அம்மா சீக்கிரம் வாங்க என்று குரல் கொடுத்தாள்.

யார் அந்தத் தாய் என்று தலைவர் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார்.

டாக்டரம்மா எழுந்தார். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், உள்ளே ஓடினார்.

பின்னாலேயே மீசை டாக்டர் வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. நெற்றி அம்சமாக வந்திருக்கிறது என்று தலைவரின் தோளைத் தட்டினார். தலைவர் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரோ வார்டுல விட்டுட்டுப் போன குழந்தை, தலைவரே. தத்தெடுத்து ஒன்பது நாள்தான் ஆகுது. சொந்தப் பிள்ளை மேல கத்தி வைக்க முடியாதே, ஆபரேஷன முடிச்சிட்டு அப்புறமா எடுத்துக்கலாமேன்னு நான்கூடக் கேட்டேன். 'வெட்டுறதுக்கு நீங்க இருக்கீங்க. முழிச்சுப் பாக்கும்போது பக்கத்துல அவளுக்குன்னு யாரு இருக்கா?'ன்னுட்டாங்க."