நான்கு வளைவுகள்

"தண்ணி சுண்டுவிரல் தண்டிதான்டா வருது" என்கிறாள் மாடியிலிருந்து அம்மா. அவளால் இறங்க முடியாததால்தான் அப்பாவின் மீன்தொட்டி மேலே போனது. அவளருகே வாளியில் அரவானா மீன் வாய் பிளக்கிறது. கீழே கான் தோ நகரத்து மாலை வெயிலில் பம்பு முனகுகிறது. மகன் கியெம் தண்ணீர் ஏற வேண்டிய உயரத்தைச் சரியாகத்தான் அளந்தான். குழாயை வளைக்கும் நான்கு எல்போக்களும் தின்னும் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான்கும் சுவரில் மாட்டியிருக்கும், மறைந்த அப்பாவின் படத்தைச் சுற்றிப்போக வைத்தவை. "குழாயை நேரா விட்டா நல்லா ஏறும்மா. ஆனா அப்பாவை நகத்தணும்." மேலே வாளியில் வால் ஒருமுறை அடிக்கிறது. "நகத்து. அந்த மீனுக்காக என்னைய எத்தனை தடவை எழுப்பி விட்ட மனுஷன்! அவரு நகர மாட்டாரா?" கியெம் ஊதுபத்தி ஏற்றி, அனுமதி கேட்டு, படத்தை இரு கைகளாலும் இறக்குகிறான். சுவரில் புகை படியாத ஒரு சதுரம். அதன் நடுவே பென்சிலால் நேர்கோடு இழுக்கிறான்.