தாம்பூலப் பை

மகள் கல்யாணத்தில் எல்லார் கையிலும் மஞ்சள் தாம்பூலப் பை. ஞானவேலின் சக்கர நாற்காலியடியில் கிடந்த பைக்குள் மட்டும் அவருடைய மூத்திரப் பை இருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று மனைவி கோதை செய்த ஏற்பாடு. குழாயை வேட்டி மறைத்திருந்தது. பையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினாலே மூத்திரம் உள்ளுக்கே திரும்பிவிடும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். கோதை பந்தியைக் கவனிக்கப் போன நேரத்தில் சம்பந்தியம்மாள் வந்தாள்.

“வெத்தல பாக்கு இருக்கறதப் போய்க் காலடியில வைக்கலாமா, சம்பந்தி?”

பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகிலேயே உட்கார்ந்து மகனின் பெருமையைப் பேசத் தொடங்கினாள். அவருக்கு அடிவயிறு இறுகிக்கொண்டே வந்தது. இளஞ்சூடான பையை இரண்டு கைகளாலும் அணைத்தபடி ஞானவேல் சொன்னார்:

“தப்புதாங்க.”